ஏறு பரண் வாங்குவது பற்றி ஒரு சந்தேகம்

“ஹலோ... ஹலோ, வெண்டலா?... நான்தான்... அட நான்தான்ப்பா, டுவேன்... எந்த டுவேனா? உன் தங்கச்சியக் கட்டின டுவேன்... வச்சிடாதே! மச்சான், வச்சிடாதே! ஒரே நிமிஷம்... சண்டை போடக் கூப்பிடல. சத்தியமா இல்ல. ஒரு சந்தேகம் கேக்கலாம்னுதான்...

“இல்ல, அந்த மான் விஷயம் இல்ல... அத நான் எடுக்கவே மாட்டேன்... நீயும் எடுக்காதே... சரி... வந்து, ஏறு பரண் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். மான் வேட்டைக்கு. மரத்துல மாட்டி ஏறுவோமே, அதான். எது வாங்கலாம்னு உன்னைக் கேட்டா நல்லாருக்குமேன்னு... ஆமா. ஆமா, ஆமா. திடீர்னுதான்... ஏன், மனுஷனுக்குத் திடீர்னு தோணாதா?”

தோன்றியதற்குக் காரணம் இருந்தது. டுவேன் அப்போது வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், தன் சொந்த நிலத்தின் எல்லையில், சதுப்பை ஒட்டி நின்ற ஓர் ஆஸ்பென் மரத்தின் மேல், மாடி வீட்டுக் கூரை உயரத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஏறு பரண் என்பது இரண்டு துண்டு. மேல் துண்டில் உட்கார வேண்டும், கீழ்த் துண்டில் கால் வைக்க வேண்டும். இரண்டையும் கேபிள் போட்டு மரத்தைக் கட்டிப் பிடித்தாற்போல மாட்டி, உட்கார்ந்து காலால் கீழ்த் துண்டை இழுத்து, எழுந்து கையால் மேல் துண்டைத் தூக்கி, கம்பளிப்புழு போல நெளிந்து நெளிந்து மேலே போக வேண்டும். டுவேன் அப்படித்தான் போனான். போய்ச் சேர்ந்ததும் அப்பாடா என்று பூட்ஸைக் கொஞ்சம் அசைத்தான். கீழ்த் துண்டு காலை விட்டுக் கழன்று, மரத்தைச் சுரண்டிக்கொண்டே இறங்கி, அடியில் இருந்த சருகுக் குவியலில் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு உண்டு. அது அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அட்டைப்பெட்டி வீட்டில் இருந்தது.

“ம்... சொல்லு. கேக்கறேன்... அலுமினியமா இரும்பா... ஆமா... அலுமினியம் இலேசு... ஆமா, இரும்புன்னா காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறதுக்குள்ள முதுகு போயிடும்... ஆமா, ஆமா... உக்கார்ற இடம் அகலமா இருக்கணும். சரி... எனக்கு ஏன் இன்னும் அகலமா?... மச்சான், அதெல்லாம் நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும் என் அளவு... மார்லிஸ் சொன்னாளா? எப்ப சொன்னா?... சரி விடு. மேல போ. மேலன்னா... அடுத்த விஷயத்துக்குப் போ.

“முன்னால குறுக்குக் கம்பி இருக்கறதா, இல்லாததா... வில்லுக்கு இல்லாதது நல்லதுன்னு கடைக்காரர் சொன்னார்... சொல்லுவார்னு நினைக்கறேன். இன்னும் கடைக்கே போகலியே நான்... குறுக்குக் கம்பி இருந்தா என்னவாம்?... பிடிச்சுக்கலாம். ஆமா. பிடிச்சுக்க எதுவும் இல்லாட்டிக் கஷ்டம்தான். ரொம்பக் கஷ்டம்... இல்ல, இல்ல, சும்மா கற்பனை பண்ணிப் பாத்தேன்.

“ஏன் மச்சான் குசுகுசுன்னு பேசற? காதுலயே விழல... யாரு தூங்கறா? சனிக்கிழமை மத்தியானம் யாரு தூங்கறா உன் வீட்ல?... நாயா? நாய்க்காகவா குசுகுசுக்கற?... நல்ல மனுஷன்யா நீ.”

வெண்டலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேட்டைச் சாமான் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. எந்த மரம் தேர்வது, பட்டை எப்படி இருக்க வேண்டும், கிளை இல்லாமல் நேராக வளர்ந்தது எது என்று கொட்டிக்கொண்டே போனான். டுவேன் ஒரு கையால் மரத்தைத் தழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தான். தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஊர்த் தீயணைப்பில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ராத்திரியில் ஊர்ப் பாரில்தான் இருப்பார்கள். அடுத்த கோடை வரைக்கும் அவர்களுக்குப் பேச வேறு விஷயமே வேண்டியிருக்காது. மார்லிஸைக் கூப்பிடவே முடியாது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே, இனி தரையை விட்டு மேலே போகமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கியவள் அவள். மிச்சமிருந்தது அவளுடைய அண்ணன் வெண்டல் ஒருவன்தான். ஒரே மானில் இரண்டு பேர் அம்பும் தைத்து, அதன் கொம்பு யாருக்கு என்ற தகராறில் பேச்சு நின்றுபோயிருந்த வெண்டல்.

“ஆஸ்பென் கூடாதா?... ஏன்?... வழவழன்னு இருக்கும், ஈரமானா பிடிக்காது... ஓ. அப்படியா... வழுக்குமா? எவ்வளவு வழுக்கும்?... இல்ல மச்சான், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தன் ஆஸ்பென்ல ஏறிட்டான்னு வை. தெரியாம ஏறிட்டான்... முட்டாள்தான். ஒத்துக்கறேன், முட்டாள். அந்த முட்டாளோட பரண்ல கீழ்த் துண்டு மட்டும் கழண்டு விழுந்துடுச்சுன்னு வை. அவன் எப்படி இறங்குவான்?

“...கயிறு கட்டல. அவன் கட்டல... அதான் முட்டாள்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டோமே, திரும்பத் திரும்ப ஏன்... பெல்ட்டா? மரத்தோட சேத்துப் போட்டுக்கிற பெல்ட்டா? போட்டிருக்கான்... அதாவது, வச்சிருக்கான். வண்டியில.

“...எங்கேருந்து பேசறேனா? வீட்லேருந்துதான்... சத்தமா? அது காத்து... ஃபேன் காத்து... நவம்பர்ல ஃபேன் போடக்கூடாதுன்னு சட்டமா? எனக்குப் புழுங்குது... பல்லு தந்தியடிக்குதா? அது... மச்சான். மச்சான், இங்க பாரு... சரி. சரிடா. ஆமா. நான்தான் அந்த முட்டாள். மரத்துலதான் இருக்கேன். போதுமா?

“...சிரி.

“...சிரி, சிரி. நல்லா சிரி. நான் எங்கயும் போகப் போறதில்ல.

“...முடிஞ்சுதா?... இன்னும் இல்லியா. சரி.”

ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அத்தனை சிரிப்பையும் வெண்டல் குசுகுசுவென்றே சிரித்துக்கொண்டிருந்தான். டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். டுவேனுக்குக் கோபம் வந்தது. கூடவே, இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்றும் தோன்றியது. அந்த நினைப்பை உடனே ஒதுக்கிவிட்டான்.

“மச்சான், வர்றியா?... வில்லைக் கட்டி இழுக்கற கயிறு என் இடுப்புல இருக்கு, கீழ வரைக்கும் தொங்குது. நீ வந்து அந்தத் துண்டைக் கயித்துல கட்டிவிட்டாப் போதும், நானே இழுத்துக்குவேன். அஞ்சு நிமிஷ வேலை... என்ன நிபந்தனை?... முடியாது... முடியாதுன்னா முடியாது. அது என் மான். என் அம்பு நெஞ்சுல பட்டுது, உன் அம்பு பின்தொடையில பட்டுது... எந்த அம்பு முதல்ல பட்டுதுன்னா என்ன? ஓட்டப்பந்தயமா நடந்தது?... உன் டிவிக்கு மேல என் மானோட தலை தொங்கிட்டிருக்கு வெண்டல். ஒவ்வொரு மேட்ச்சையும் என் மான் உன்கூட உக்காந்து பாக்குது. நான் சாகற வரைக்கும் சொல்லுவேன், அது என்... ஐயோ! ஐயோ ஐயோ! வழுக்குது! வழுக்குது மச்சான்! உன் மான்! உன் மான்தான்! உன்னுது, உன்னுது, உன்னுதுதான்...!

“...நின்னுடுச்சு.

“...வாபஸ்... வழுக்கும்போது சொன்னது செல்லாது. எந்தக் கோர்ட்லயும் செல்லாது.”

அப்போதுதான் காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே போயிற்று. முதலில் ஃபோனுக்குள் கேட்டது. காச்சுமூச்சென்று ஊரையே கூட்டிக்கொண்டு போகிற சத்தம். டுவேன் வெண்டலின் வீட்டை நினைத்துக்கொண்டான். அது ஊருக்குள், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு அதே சத்தம் தலைக்கு மேலேயே வந்தது. அண்ணாந்து பார்த்தான். அதே கூட்டம்.

“மச்சான்... உன் வீட்டு மேல வாத்து போச்சா?... இல்ல, என் மேலயும் போச்சு. அதே வாத்து... வாத்து எல்லாம் ஒரே மாதிரிதான் கத்தும், சரி. ஆனா ஒண்ணு நடுவுல இருமிச்சே, அதுவும் ரெண்டு இடத்துலயும் இருமுமா?... வெண்டல். நீ எங்க இருக்க?... நாய்... நாய் எங்க தூங்குது வெண்டல்?

“...ஏன் பேச மாட்டேங்கற?”

டுவேன் மெல்லத் தலையைத் திருப்பினான். சதுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஓக் மரம். அதில் பாதி உயரத்தில் ஒரு புடைப்பு. மரத்தின் முண்டு என்று நினைத்திருந்தான். முண்டு ஒரு கையைத் தூக்கி, வெட்கத்தோடு ஆட்டியது.

“அடப்பாவி! என் நிலத்துலயா? என் நிலத்துல, என் ஓக் மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டா எனக்குப் பாடம் நடத்தின இவ்வளவு நேரமும்?... கீழ்த் துண்டு விழுந்தத பாத்தியா?... பாத்தியா இல்லியா?... பாத்துட்டுத்தான் ஃபோன் அடிச்சதும் பேசாம எடுத்தியா! எந்த டுவேன்னு வேற கேக்கற!... எத்தனை நாளா வர்ற?... சீசன் பூராவுமா!... என்ன பரண் அது? நல்லாருக்கே. குறுக்குக் கம்பி இருக்கா?... பேச்ச மாத்தல, சும்மா கேட்டேன். திருட்டுப் பயலே, இறங்குடா மொதல்ல. இறங்கி வந்து என்னைக் காப்பாத்து, அப்புறம் உன்மேல கேஸ் போடறேன்...

“என்ன?... ஏன் இறங்க மாட்டே?... ஷ்ஷ்னா?... எங்க?... என் கீழயா?”

கீழே ஒரு கலைமான் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு பெரிய கொம்பை டுவேன் பார்த்ததில்லை. வெண்டலின் டிவிக்கு மேல் தொங்குவது இதற்கு முன்னால் கன்றுக்குட்டி. காலையில் கிளம்பும்போது டுவேன் தன் பூட்ஸில் பெண்மானின் மூத்திரத்தை ஒரு பாட்டில் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தான். இணை தேடுகிற பருவத்தில் ஆண்மானை இழுக்க எல்லோரும் செய்வதுதான், என்ன, சில சொட்டுப் போதும். அந்த பூட்ஸ் மிதித்த கீழ்த் துண்டுதான் சருகில் கிடந்தது. கலைமான் அதை மோந்தது. நக்கியது. கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடியது.

“மச்சான்...” டுவேனின் குரல் இப்போது எறும்புக்கு மட்டும் கேட்கும்படி இருந்தது. “அது என் பரண காதலிக்குது மச்சான்... என் வில்லு கீழ இருக்கு. அது பக்கத்துலயே இருக்கு... உனக்கு நேரா தெரியுதா?... எவ்வளவு நேரா?... பக்கவாட்டுலயா? ஐயோ... எய்யி. எய்யிடா. என் நிலம்தான், பரவாயில்ல, எய்யி... ஏன் தயங்கற? நான் அதுக்கு நேர் மேலதான் இருக்கேன், சைடுல இல்ல... குறி பாத்துட்டியா?... ஐயோ, இரு. என்னமோ பண்ணுது... கொம்ப... மரத்துல... கொம்ப மரத்துல தேய்க்குது மச்சான்! ஆடுது! மரம் ஆடுது! வழுக்கறேன்... எய்யாதே, எய்யி, என்னமோ பண்ணு...!”

சதுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. ஃபோனில் இல்லை, காற்றில். வெண்டல் பரணில் எழுந்து நின்று, வில்லைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆட்டியபடி பன்றி விரட்டுகிறவன் மாதிரி ஹோய் ஹோய் என்று கத்திக்கொண்டிருந்தான். கலைமான் தலையைத் தூக்கியது, வெள்ளை வாலை விசிறியது, இரண்டு தாவலில் புதருக்குள் மறைந்தது. மரம் நின்றது. டுவேன் வழுக்குவதும் நின்றது.

டுவேன் ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தான்.

“...ஹலோ... இருக்கேன்... இருக்கேன் மச்சான்... போயிடுச்சு. ஆமா... பாத்தேன், எவ்வளவு பெரிசுன்னு பாத்தேன். கையில இருந்துதே உனக்கு... ஏன் கத்தின?... நான் விழுந்தா என்ன, உனக்கு மான் கெடச்சிருக்கும்ல... ம்... ம்... சரி, திட்டாதே. திட்டிக்கிட்டே இறங்கு. ஃபோன வைக்காதே, எனக்குத் தனியா இருக்க என்னமோ மாதிரி இருக்கு... பாத்து இறங்கு. நீயும் விழுந்து வச்சா ரெண்டு பேரையும் அந்த மானே வந்து தூக்கிட்டுப் போகணும்.”

வெண்டல் இறங்கினான். ஃபோன் அவன் சட்டைப் பையிலிருந்தபடி, பரண் மரத்தைச் சுரண்டுவதையும், அவன் சேற்றில் பொதக் பொதக் என்று நடப்பதையும், இடையிடையே அவன் டுவேனின் தாத்தா வரைக்கும் விசாரிப்பதையும் ஒலிபரப்பியது. போகிற வழியில் டுவேனின் வண்டியைத் திறந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டான். அதையும் கீழ்த் துண்டையும் கயிற்றில் கட்டிவிட்டான். டுவேன் இழுத்தான். முதலில் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். பிறகு கீழ்த் துண்டைக் காலால் தேடி, கேபிளைச் சுற்றிப் பூட்டி, வெண்டல் தன் ஷூவிலிருந்து உருவிக் கொடுத்த நாடாவால் இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டினான். பூட்ஸ் பலகையில் பதிந்தது.

“கட்டிட்டேன்... ரெண்டு முடிச்சு... ஃபோன காதுல வச்சுக்கிட்டு ஏன் கீழ நின்னு பேசற, நேராவே கேக்குதே... ஆமா, எனக்கும் பழகிடுச்சு.

“இறங்கணுமா? இப்பதான் உருப்படியா உக்காந்திருக்கேன்... இருட்ட இன்னும் நேரம் இருக்கு மச்சான். அந்தக் கொம்பு மான் திரும்பி வரும். என் பூட்ஸ மறக்காது அது... நீ ஏன் போற? போய் உன் மரத்துல ஏறு... என் மரந்தான். ஏறு... அட, ஏறுங்கறேன்ல? கேஸெல்லாம் போடல... வந்தா நீ அடி. நான் குறுக்க வர மாட்டேன்... இல்ல, இப்ப வழுக்கல. வழுக்காமத்தான் சொல்றேன்.”

வெண்டல் திரும்பப் போய் ஏறினான். ஒரு பக்க ஷூ நாடா இல்லாமல் தொளதொளத்தது. காடு அடங்கியது. டுவேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் புதர்ப் பக்கம் வைத்திருந்தான்.

“ஷ்ஷ்... மச்சான். உன் இடப்பக்கம்... புதர் அசையுது... பெரிசா இருக்கு. ரொம்பப் பெரிசு... என்னது அது, நீளமா, கொம்பா?... இவ்வளவு நீளமாக் கொம்பு இருக்காதே... வில்லக் கீழ வை! வை! வெண்டல், வில்லக் கீழ வை! அது ஏணி! ஏணியடா! மார்லிஸ்!

“...சிவப்பு ஜாக்கெட். தோள்ல ஏணி... இவ எப்படி இங்க வந்தா?... நீதான் சொன்னியா? எப்ப?... சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே மெசேஜ் அனுப்பினியா! ஏணி எடுத்துட்டு வரச் சொல்லியா!... நல்ல எண்ணந்தான், நல்ல எண்ணந்தான். இப்ப என்ன பண்றது?... அசையாதே. மரத்தோட ஒட்டிக்க. மூச்ச மெதுவா விடு. இவளுக்கு அசைவுதான் கண்ணுல படும்... காத்து எந்தப் பக்கம் அடிக்குது?... அவ பக்கமா? செத்தோம். என் பூட்ஸு... நீ என்ன சாப்பிட்ட மத்தியானம்?... ஊறுகாய் மீனா! காட்டுக்கு வரும்போது ஊறுகாய் மீன் திங்கற ஒரே வேட்டைக்காரன் நீதான்டா...

“நின்னுட்டா. சுத்திப் பாக்கறா... ஏணியக் கீழ போடறா... ஜாக்கெட்ல கைய விடறா... எதையோ எடுக்கறா... ஐயோ, ஃபோன்! மச்சான், எனக்குத்தான் அடிக்கறா, இந்த ஃபோன்லயே உள்ள வருது, டிக் டிக்குங்குது... எதை அமுக்கணும்? உன்ன வச்சுட்டு அவள எடுக்கறதா, அவள வச்சுட்டு உன்ன... கை மரத்துப் போச்சு, எதையோ அமுக்கிட்டேன்... ஹலோ? மச்சான்?... ஹலோ?

“...மார்லிஸ்.

“...ம்... ஆமா... மேலதான். ஆஸ்பென்ல. வலப்பக்கம்... இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்... ஆமா, நான்தான், கை ஆட்டறேன் பாரு... இல்ல, விழல. ஒரு அடியும் படல. முழங்கால் நல்லாருக்கு... பெல்ட் போட்டிருக்கேன். இப்ப போட்டிருக்கேன்... தெரியும். வாக்குக் குடுத்தேன். தெரியும்... வீட்டுக்கு வந்து திட்டு, ஃபோன்ல வேண்டாம், மான் வர்ற நேரம்...

“உங்க அண்ணனா? அந்த ஓக் மரத்துல. உன் பின்னாடி... மரத்தோட ஒட்டிக்கிட்டிருக்கான், உனக்குத் தெரியக்கூடாதுன்னு... ஆமா, எனக்குத் தெரிஞ்சுதான் வந்தான்... நான்தான் உக்காரச் சொன்னேன்... ஆமா... ஆமா, பேசறோம்... மத்தியானத்துலேருந்து பேசிக்கிட்டுதான் இருக்கோம்... திட்டிக்கிட்டுதான். ஆனா பேசறோம்.

“...ஹலோ?... மார்லிஸ்?... ஏன் அப்படியே ஏணி மேல உக்காந்துட்ட? சருகெல்லாம் ஈரம்... ஏய்... தோள் குலுங்குதே. என்னடி இது?... சிரிக்கறியா, அழறியா?... சொல்லிட்டு வை... இங்க மேலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.”

அவள் வைத்துவிட்டாள்.